ஃபோட்டான் வரிசையில் தாளம் தேடுவது

ஆரம்பாக்கம் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்தில் தடா. நெடுஞ்சாலையோரம் அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. பலகை தெலுங்கில், பேச்சு பாதிக்கு மேல் தமிழில். மதியம் ஒன்றே முக்கால் ஆகும்போதே மாஸ்டர் பெரிய பாத்திரத்தில் பாலை ஏற்றிவிடுவார். "ரெண்டு மணிக்கு ஷிப்ட் விடும் சார், பத்து நிமிஷத்துல கூட்டம் வந்துடும்" என்பார். வரும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளின் பஸ்கள் வரிசையாக நிற்கும், கடை நிறைந்துவிடும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று நாளுக்கு மூன்று முறை இது நடக்கும். நடுவில் லாரி டிரைவர்கள், பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள், என்னைப் போல சூளூர்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அலைகிறவர்கள் எல்லாம் நினைத்த நேரத்தில் வந்து போவார்கள்.

மாஸ்டருக்குத் தெரிந்த இந்த விஷயம் நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் இருப்பது ஒரு நோட்டு மட்டும். ஒவ்வொருவரும் கடைக்குள் கால் வைத்த நேரம் அதில் எழுதியிருக்கிறது. யார், எங்கிருந்து, ஏன் வந்தார் என்ற விவரம் கிடையாது. இந்த நேரப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, இதற்குள் 8 மணி நேரத் தாளம் ஒன்று ஓடுகிறது என்று சொல்ல முடியுமா? சொன்னால், அதை எவ்வளவு நம்பலாம்?

எக்ஸ்-கதிர், காமா கதிர் வானியல் செய்கிறவர்களுக்குக் கிடைப்பதும் இதே நோட்டுதான். 2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-30 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதை சூளூர்பேட்டையில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். அது சுமந்து போனது ஆஸ்ட்ரோசாட். நம் நாட்டின் முதல் பல அலைநீள விண்வெளி ஆய்வகம். அதன் எக்ஸ்-கதிர்க் கருவிகள் அனுப்புவது, அடிப்படையில், ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளித்துகளும், எந்த நொடியில் வந்து விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்ற நீண்ட பட்டியல். புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு வானத்தின் மீது ஆசை வந்தது இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான்.

தாளம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சுகிற நியூட்ரான் நட்சத்திரம் சுழலும்போது, அதன் கதிர்க்கற்றை கலங்கரை விளக்கம் போல நம்மைத் தொட்டுத் தொட்டுப் போகும். அதுதான் பல்சார். ரிஷப ராசியில் இருக்கும் நண்டு நெபுலாவின் நடுவே உள்ள பல்சார் விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. அது 1054இல் வானில் வெடித்துத் தெரிந்த நட்சத்திரத்தின் மிச்சம். நண்டு பல்சார் போன்ற பிரகாசமான ஒன்றிலிருந்து எக்ஸ்-கதிரில் ஃபோட்டான்கள் கொட்டும், கஷ்டமில்லை. காமா கதிருக்குப் போனால் நிலைமை வேறு. ஒரு ஃபோட்டான் வந்து அடுத்தது வருவதற்குள் நட்சத்திரம் பல நூறு சுற்றுச் சுற்றி முடித்திருக்கும். மிருதங்கக்காரர் நூறு ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு அடி அடித்தால் தாளம் கண்டுபிடிப்பது எப்படி?

மடிப்பதுதான் வழி. டீக்கடை நோட்டை எடுத்து, நேரங்களை ஒரு நீண்ட காகித நாடாவில் புள்ளிகளாக வைத்து, அந்த நாடாவை 8 மணி நேரச் சுற்றளவுள்ள உருளையில் சுற்றுங்கள். ஷிப்ட் விட்டு வந்தவர்களின் புள்ளிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் சேரும், மற்றவர்களின் புள்ளிகள் உருளை முழுக்கப் பரவிக் கிடக்கும். நாளுக்கு நாள் பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றாலும், பல வாரம் சுற்றினால் ஒரு மேடு எழும்பிவிடும். ஃபோட்டான் குறைவு என்ற குறையைக் காலத்தின் நீளம் ஈடு செய்கிறது.

ஆனால் சுற்றளவு சரியாக இருக்க வேண்டும். 8 மணிக்குப் பதில் 7 மணி 50 நிமிடம் என்று வைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் 10 நிமிடம் நழுவும். நாளுக்கு அரை மணி நேரம். 16 நாளில் மேடு உருளையை முழுச் சுற்றுச் சுற்றி வந்து, எங்கும் சமமாகப் பூசிவிட்டுப் போய்விடும். அதாவது நோட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியமாகத் தாளத்தைச் சொல்ல முடியும், அதே அளவுக்குத் தவறான இடங்களின் எண்ணிக்கையும் கூடும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டுரை கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறது.

மேடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. எண் வேண்டும். புள்ளிகளைப் பெட்டிகளாகப் பிரித்து, சமமாகப் பரவியிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதோடு கை ஸ்கொயர் சோதனையில் ஒப்பிடுவது பழைய வழி. பெட்டி எத்தனை, எங்கே தொடங்குவது என்பது நம் இஷ்டத்துக்கு மாறும் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. பெட்டியே வேண்டாத ஒரு வழி இருக்கிறது, அதன் கதையும் அழகு.

1905இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு ஒரு கேள்வி எழுதினார். ஒருவன் ஓரிடத்தில் தொடங்கி நேராகச் சில கெஜம் நடக்கிறான். பிறகு எந்தத் திசையென்று இல்லாமல் திரும்பி அதே தூரம் நடக்கிறான். மறுபடியும் அப்படியே. இத்தனை நடைக்குப் பிறகு அவன் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பான்? இதற்கு விடையை ஒலி அலைகளுக்காக நான் 1880இலேயே போட்டு வைத்திருக்கிறேன் என்று பதில் எழுதினார் ராலே பிரபு. இந்த நடையின் பெயரில்தான் இன்று பல்சார் பிடிக்கிறோம். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும், அது தாளச் சுற்றில் எந்தக் கட்டத்தில் வந்ததோ அந்தத் திசையில், கடிகார முள் காட்டுவதுபோல, ஒரு அடி எடுத்து வையுங்கள். தாளம் இல்லையென்றால் அது பியர்சனின் மனிதனின் நடை: 400 அடி நடந்தாலும் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 20 அடிக்குள்தான் நிற்பீர்கள், ஏனெனில் 400இன் வர்க்கமூலம் 20. தாளம் இருந்தால் அடிகள் ஒரு பக்கமாகவே இழுக்கும். கதிர்வீச்சு சராசரிக்கு மேலும் கீழும் பாதியளவு ஏறி இறங்கும் தாளம் என்றால் 400 அடியில் 100 அடி தூரம் போய்விடுவீர்கள்.

அந்தத் தூரத்தை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, ஃபோட்டான் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதை இசட் ஸ்கொயர் என்பார்கள். நம் உதாரணத்தில் 50. தாளமே இல்லாத பட்டியலில் இதன் சராசரி 2 மட்டுமே. 50 என்பது தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு, லட்சம் கோடியில் சுமார் 14. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடை நோட்டை 8 மணி நேரத்துக்குப் பதில் 24 மணி நேர உருளையில் சுற்றினால் என்ன ஆகும்? அதுவும் உண்மையான தாளம்தான். ஒரு நாளில் மூன்று மேடுகள் சம இடைவெளியில் நிற்கும். ராலேயின் நடையிலோ மூன்று கூட்டமும் மூன்று திசையில் இழுக்க, நடந்தவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவார். கண்ணுக்கு எதிரே மூன்று மேடு நிற்கும்போது சோதனை 'ஒன்றுமில்லை' என்று சொல்லும். இதை வகுப்பில் முதல் முறை போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி, "அப்படின்னா சோதனை தப்பா சார்?" என்று கேட்டாள். தப்பில்லை. அது கேட்ட கேள்வி, சுற்றுக்கு ஒரு மேடு இருக்கிறதா என்பது மட்டும். இரண்டு மடங்கு வேகத்திலும் மூன்று மடங்கு வேகத்திலும் முள்ளைச் சுற்றவிட்டு அதே நடையை நடந்து எல்லாவற்றையும் கூட்டினால் மறைந்த தாளம் வெளியே வரும்.

நண்டு பல்சாருக்கு இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. அதற்குச் சுற்றுக்கு இரண்டு துடிப்புகள், நடுவே சுற்றில் ஏறத்தாழ 0.4 பங்கு இடைவெளி. இரண்டும் ஒரே உயரம், ஊசி போல ஒல்லி என்று எடுத்துக்கொண்டால், சாதாரண நடையில் மொத்த அடிகளில் 31 சதவீதமே தேறும். இரட்டை வேகத்தில் 81 சதவீதம். வர்க்கமாக்கினால் ஏறத்தாழ ஏழு மடங்கு வித்தியாசம். எத்தனை மடங்கு வரை கூட்டலாம் என்பதைத் தேடுகிறவர் முடிவு செய்தால் அங்கேயும் நம் விருப்பம் நுழைந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டி யாகரும் சக ஆய்வாளர்களும் 1989இல் கொடுத்த எச் சோதனை அந்தத் தேர்வைத் தரவிடமே விட்டுவிடுகிறது: 1 முதல் 20 மடங்கு வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார், சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் 4 கழித்துக்கொள், மிஞ்சுவதில் பெரியதை எடு. துடிப்பின் வடிவம் முன்கூட்டித் தெரியாதவர்களுக்கு இன்றும் இதுதான் கைவாள். பின்னால் 2011இல் மேத்யூ கெர் இதற்கு எடை சேர்த்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறவர் ஷிப்ட் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம், லாரிச் சாவியோடு வருகிறவருக்கு வாய்ப்பு குறைவு. அதுபோல ஒவ்வொரு ஃபோட்டானும் அந்த நட்சத்திரத்திலிருந்துதான் வந்தது என்பதற்கான நிகழ்தகவை, அதன் திசையையும் ஆற்றலையும் வைத்துக் கணக்கிட்டு, அந்த அளவுக்கே அடி எடுத்து வைப்பது.

இனி கடிகாரம். ராக்கெட் கிளம்பும்போது எங்கள் மாடியில் முதலில் வெளிச்சம் தெரியும். உறுமல் ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து ஜன்னலை அதிரவைக்கும். பழவேற்காட்டில் இருக்கும் மாமா அதே உறுமலைக் காற்று ஒத்துழைத்தால் ஒன்றே முக்கால் நிமிடம் கழித்துத்தான் கேட்பார். இருவரும் கேட்ட நேரத்தை எழுதி வைத்தால், தூரத்தைக் கழிக்காமல் இரண்டு நோட்டையும் ஒப்பிட முடியாது. பூமி சூரியனைச் சுற்றுவதால் நண்டின் ஒளிக்கும் இதே கதிதான். அது பூமியின் சுற்றுத்தளத்தை ஒட்டியே இருப்பதால், வருடத்தில் ஒரு சமயம் அதன் ஒளி சூரியனை எட்டுவதற்கு 8 நிமிடம் முன்பே நம்மை எட்டும், ஆறு மாதம் கழித்து 8 நிமிடம் தாமதிக்கும். 33 மில்லி விநாடித் தாளத்தைத் தேடும் இடத்தில் 16 நிமிட ஆட்டம்! 1676இல் ஓலே ரோமர், வியாழனின் நிலவு மறைகிற நேரம் முந்துவதையும் பிந்துவதையும் வைத்து ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டினார். அவர் கண்டுபிடித்ததை நாம் ஒவ்வொரு ஃபோட்டான் நேரத்திலிருந்தும் கழித்துவிட்டு, சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல நேரத்தை மாற்றி எழுதுகிறோம்.

செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுவதையும் விடக்கூடாது. ஆஸ்ட்ரோசாட் 650 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அதன் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 23 மில்லி விநாடி ஆகும். நண்டின் ஒரு சுற்றே 33 என்னும்போது இது சின்ன விஷயமா? போதாததற்கு நட்சத்திரமும் களைத்துக்கொண்டே வருகிறது. நண்டு பல்சாரின் சுற்றுக்காலம் நாளுக்குச் சுமார் 36 நானோ விநாடி நீள்கிறது. கேட்கக் கடுகளவு. ஆனால் வேகம் மாறவில்லை என்று எண்ணி மடித்தால், ஒரே நாள் முடிவில் ஒன்றேகால் சுற்றுக்கு மேல் பிசகியிருக்கும்.

நான் சறுக்கியது வேறிடத்தில். மங்கலான எக்ஸ்-கதிர் மூலம் ஒன்றின் கோப்பை இறக்கி, நீண்ட காலத் தாளங்களை ஓர் இரவு முழுக்கத் தேடினேன். விடியற்காலையில் ஒரு மாபெரும் முகடு. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்லலாமா என்று கை பரபரத்தது. காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தபோதுதான் அந்தக் காலத்தைக் கவனித்தேன்: 98 நிமிடம். செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றும் நேரம். ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மூலத்தை மறைத்திருக்கிறது, தரவு அங்கங்கே அறுந்திருக்கிறது. நோட்டு எழுதுகிற பையன் தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விட்டு, 'ஒரு மணிக்கு டீக்கடைக்கு யாரும் வருவதில்லை' என்று நான் முடிவு கட்டியதுபோல. எந்த நேரத்தில் கருவி உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தது என்ற கணக்கையும் சேர்த்து மடித்ததும் முகடு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்த முகட்டைக் கண்டாலும் முதலில் பார்ப்பது 98 நிமிடமா, 24 மணி நேரமா, அவற்றின் பாதியா என்றுதான்.

இப்போது அந்த 50க்கு வருவோம். 400 ஃபோட்டான், இசட் ஸ்கொயர் 50. ஒருவர் ரேடியோ தொலைநோக்கியில் ஏற்கெனவே அளந்த சுற்றுக்காலத்தை எடுத்து, அந்த ஒரே இடத்தில் மடித்துப் பார்த்து 50 பெற்றார். அவருடைய கண்டுபிடிப்பை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. இன்னொருவருக்குச் சுற்றுக்காலம் தெரியாது. வருடம் முழுக்கச் சேர்ந்த தரவில், விநாடிக்கு 50 சுற்று வரை ஒவ்வொரு சாத்தியமான வேகத்தையும் சோதித்தார். ஒரு வருடத்துக்கு 3 கோடிக்கு மேல் விநாடிகள், அதை 50ஆல் பெருக்கினால் தனித்தனியாகச் சோதிக்க வேண்டிய இடங்கள் 150 கோடியைத் தாண்டும். நூறு கோடி என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்றுமே இல்லாத பட்டியலில் எங்காவது ஒரு 50 எழும்ப 1.4 சதவீத வாய்ப்பு உண்டு. வேகம் குறையும் விகிதத்தையும் சேர்த்துத் தேடினால் இடங்கள் இன்னும் பல மடங்காகும், அந்த 50 மதிப்பிழந்துபோகும். இருவர் கையிலும் அதே ஃபோட்டான்கள், அதே சூத்திரம், அதே 50. தீர்ப்பு மட்டும் வேறு. தேடியவர் எத்தனை இடத்தில் தேடினார் என்பதைச் சொல்லாமல் வருகிற எந்த முகட்டையும் நான் ஏற்பதில்லை.

இதற்கு ஜெமிங்காவை விடப் பெரிய சாட்சி கிடையாது. 1972இல் ஏவப்பட்ட எஸ்.ஏ.எஸ்.-2 செயற்கைக்கோள் மிதுன ராசியில் ஒரு காமா கதிர் மூலத்தைக் கண்டது. ரேடியோவில் அங்கே எதுவும் அகப்படவில்லை. அந்த மூலத்துக்கு வைத்த பெயர்தான் ஜெமிங்கா. மிலான் நகரத்துப் பேச்சுவழக்கில் 'அங்கே இல்லை' என்று பொருள்படும்படியும் அந்தப் பெயர் ஒலிக்கும். எஸ்.ஏ.எஸ்.-2இன் தரவிலிருந்து 59 விநாடித் தாளம் கேட்கிறது என்று அறிக்கைகள் வந்தன. வேறு செயற்கைக்கோள்களின் தரவிலும் அதே 59 தெரிவதாகச் சொன்னார்கள். தேடிய வேகங்களையும், வேகம் மாறும் விகிதத்துக்கு எடுத்துக்கொண்ட சுதந்திரத்தையும் எண்ணிக் கழித்தபோது அந்த ஆதாரம் கரைந்துபோனது. பிறகு 1992இல் ஹால்பெர்னும் ஹோல்ட்டும் ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் தரவில் 237 மில்லி விநாடித் துடிப்பைக் கண்டார்கள். அந்த ஒற்றை எண் கிடைத்ததும் மற்றவர்கள் காமா கதிர்ப் பட்டியல்களை மடித்தார்கள். எக்ரெட் என்ற விண்வெளிக் காமா கதிர்க் கருவியின் தரவில் இருந்தது. 1975இல் ஏவப்பட்ட காஸ்-பி செயற்கைக்கோளின் தரவில் இருந்தது. எஸ்.ஏ.எஸ்.-2 சேர்த்து வைத்த அந்தப் பழைய பட்டியலிலும் இருந்தது. இருபது வருடம் அந்தத் துடிப்பு எல்லோர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கிறது. எங்கே மடிப்பது என்று தெரிவதற்கு முன் அது இரைச்சல், தெரிந்த பின் அது நட்சத்திரம். இந்தப் பகுதியைப் பாடமாக நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஜெமிங்கா போல ரேடியோவில் வாய் திறக்காத பல்சார்களை யாரும் துப்புக் கொடுக்காமலேயே பிடிக்க, 2008 ஜூனில் ஃபெர்மி என்ற காமா கதிர்த் தொலைநோக்கி விண்வெளிக்குப் போன பிறகுதான் முடிந்தது. அதே வருடம் சி.டி.ஏ.-1 என்ற வெடிப்பு எச்சத்தில் 316 மில்லி விநாடிப் பல்சார் காமா கதிரை மட்டும் வைத்தே அகப்பட்டது. அதற்கு உதவிய யோசனை எளிமையானது. வருடக் கணக்கான பட்டியலை ஒரே உருளையில் சுற்றாமல், சில நாட்களுக்குள் வந்த ஃபோட்டான் ஜோடிகளின் நேர வித்தியாசங்களை மட்டும் எடுத்து அவற்றில் தாளம் தேடுவது. கூர்மை கொஞ்சம் மழுங்கும். ஆனால் சோதிக்க வேண்டிய இடங்கள் பல மடங்கு குறையும், நட்சத்திரம் களைப்பதும் அவ்வளவாக உறுத்தாது. அப்படிக் கிடைத்த சந்தேகப் புள்ளிகளை மட்டும் முழு நீளத்தில் மடித்துச் சரிபார்க்கலாம். பிறகு, ஈர்ப்பு அலைத் தேடலுக்காக உருவான உத்திகளை இங்கே கொண்டுவந்து, ஐன்ஸ்டீன்@ஹோம் திட்டத்தில் பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுக்க, இன்னும் பல பல்சார்கள் வந்தன. 2023இல் வெளியான ஃபெர்மியின் மூன்றாவது பட்டியலில் காமா கதிர்ப் பல்சார்கள் 294.

இவற்றைச் செய்துபார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஆஸ்ட்ரோசாட், ஃபெர்மி இரண்டின் தரவும் பொதுவில் இருக்கின்றன, சாதாரண மடிக்கணினி போதும். நண்டிலிருந்து தொடங்குங்கள். நேரங்களைச் சூரியக் குடும்ப மையத்துக்கு மாற்றி, அந்தத் தேதிக்குரிய சுற்றுக்காலத்தில் மடித்தால் இரண்டு முகடும் எழும். பிறகு அதே கோப்பை, நண்டின் வேகத்துக்கும் அதன் மடங்குகளுக்கும் தள்ளியுள்ள ஆயிரம் வேகங்களில் வேண்டுமென்றே தவறாக மடித்து, ஒவ்வொன்றிலும் வருகிற இசட் ஸ்கொயரைப் பாருங்கள். பெரும்பாலானவை 2ஐச் சுற்றியே நிற்கும். ஆயிரத்தில் பெரியது எது என்று தேடினால் அது 14ஐ ஒட்டி வரும், தனியாகப் பார்த்தால் ஆயிரத்தில் ஒன்று என்று ஆசை காட்டுகிற அதே 14.